டெல்லிக்கு குடும்பத்தோட போறோம், 4 நாள் தங்க கம்மி விலையில நல்ல ரூம் எந்த ஏரியாவுல போடலாம்?

நீங்க, வீட்டுக்காரம்மா, அப்பா அம்மா, ரெண்டு பசங்க, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல போறீங்க, ஒரு ரூமுக்கு 2000க்கு மேல தாங்காதுன்னு எழுதியிருக்கீங்க. நான் இதுவரைக்கும் நாலு தடவை டெல்லி போயிருக்கேன், நாலு தடவையும் நாலு விதமான இடத்துல தங்கியிருக்கேன், அதுல முதல் தடவை நல்லா ஏமாந்தேன், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. ஹோட்டலை தேடாதீங்க, மெட்ரோ ஸ்டேஷனை தேடுங்க. நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜ் பாக்குற பழக்கத்துல டெல்லியிலயும் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல பாக்குறோம், ஆனா அங்க நீங்க ஸ்டேஷனுக்கு போறது வந்தன்னிக்கு ஒரு தடவை, திரும்புறன்னிக்கு ஒரு தடவை, அவ்வளவுதான், நடுவுல நாலு நாளும் அலையப் போறது மெட்ரோவுல. ரூம்ல இருந்து மெட்ரோ வாசல் அஞ்சு நிமிஷ நடைன்னா ஆட்டோக்காரன்கிட்ட தினம் பேரம் பேசுற வேலையே இல்ல. 700 ரூபாய்க்கு எங்கயோ ஒரு மூலையில ரூம் போட்டுட்டு தினமும் ஆறு பேருக்கு ரெண்டு ஆட்டோ பிடிச்சா அந்த 700 எங்க போய் நிக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

என் கதைய சொல்றேன். 2016 டிசம்பர், ஒரு இன்டர்வியூவுக்காக நானும் என் ஃப்ரெண்டும் போனோம். செல்லாக்காசு அறிவிச்ச அடுத்த மாசம், கையில ரெண்டே ரெண்டு புது 2000 ரூபா நோட்டு, மிச்சம் சில்லறை. பனிமூட்டம்னு காலையில போய் சேர வேண்டிய வண்டி ராத்திரி ஒம்பது மணிக்கு நியூ டெல்லி போய் சேர்ந்துச்சு. (டிசம்பர் கடைசி, ஜனவரியில போறதா இருந்தா இதை மனசுல வச்சுக்கங்க, அந்தப் பக்கம் வண்டியெல்லாம் எப்ப போய் சேரும்னு யாராலயும் சொல்ல முடியாது.) ஸ்டேஷனை ஒட்டி இருக்குற பஹாட்கஞ்ச் ஏரியா பக்கம் வெளிய வந்ததும் ஒருத்தன், எந்த ஹோட்டல்னு கேட்டான், என் ஃப்ரெண்டு வெள்ளந்தியா பேரை சொல்லிட்டான், உடனே அவன் அய்யோ அந்த தெருவுல பிரச்சனை, போலீஸ் அடைச்சு வச்சிருக்கு, நான் வேற இடம் காட்டுறேன்னான். அவன்கிட்ட இருந்து தப்பிச்சு ஹோட்டலுக்கு போனா, ரிசப்ஷன்ல உக்காந்திருந்தவர் ஆன்லைன்ல போட்ட புக்கிங்கே எங்களுக்கு வரல, ரூம் ஃபுல்னு கைய விரிச்சிட்டார். பக்கத்து சந்துல எங்க ஓனரோட இன்னொரு ஹோட்டல் இருக்கு வாங்கன்னு ஒரு பையன் கூட்டிட்டு போய் விட்ட ரூம் இருக்கே, ஜன்னல் இருந்துச்சு, தொறந்து பாத்தா எதிர்ல அரை அடியில செவுரு! ரஜாய்னு ஒரு தடிமனான போர்வை குடுப்பாங்க, அதுல முன்னாடி படுத்தவன் பூசுன எண்ணெய் வாசனை வரைக்கும் இருந்துச்சு. 2000 நோட்ட நீட்டுனா சில்லறை இல்ல, காலையில தர்றேன்னான். காலையில ஷிஃப்ட் மாறி வேற ஆள் இருந்தான், அவனுக்கு எதுவும் தெரியாது. பேரை சொல்ல விரும்பல, இப்ப அந்த இடம் இருக்கான்னும் நான் போய் பாக்கல.

இதுல இருந்து நான் கத்துக்கிட்டது, ஆன்லைன்ல புக் பண்ணாலும் கிளம்புறதுக்கு முந்தின நாள் மேப்புல இருக்குற நம்பருக்கு நேரா போன் பண்ணி, இந்த பேர்ல புக்கிங் வந்திருக்கா, நாங்க இத்தனை மணிக்கு வருவோம்னு சொல்லி உறுதி பண்ணிக்கணும். அப்படியே ஒரு வார்த்தை ரேட்டையும் கேளுங்க. போன வருஷம் ஆப்புல 1900 காட்டுன அதே ரூம நேரா பேசி டிஃபனோட 1600க்கு முடிச்சேன், ஆப்புக்காரனுக்கு போற கமிஷன் மிச்சம்னா ஹோட்டல்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார்ல. ஹிந்தி தெரியலன்னா பரவாயில்ல, "பெஹலே கம்ரா திகாயியே", முதல்ல ரூம காட்டுங்கன்னு அர்த்தம், இந்த ஒரு வரி போதும். ரூம பாக்காம காசும் குடுக்காதீங்க, ஆதாரையும் குடுக்காதீங்க. ஆதார் குடுத்துட்டா நமக்கே ஒரு கூச்சம் வந்துரும், அப்புறம் வேண்டாம்னு சொல்ல வாய் வராது.

சரி, ஏரியா. உங்களுக்கு என் பதில் கரோல் பாக். நியூ டெல்லி ஸ்டேஷன்ல மஞ்ச லைன் மெட்ரோ ஏறி அடுத்த ஸ்டாப் ராஜீவ் சௌக்ல இறங்கி நீல லைன் மாறுனா மூணாவது ஸ்டாப். போற வழியில ஜண்டேவாலான் தாண்டுனதும் ஜன்னல் வழியா பிரம்மாண்டமா ஒரு ஹனுமார் சிலை தெரியும், பசங்க அதை பாத்து கத்துனாங்கன்னா அடுத்து நீங்க இறங்கணும்னு அர்த்தம். அந்த காலத்துல சென்ட்ரல் கவர்ன்மெண்ட் வேலைக்கு போன நம்ம ஆளுங்க நிறைய பேர் குடியிருந்த ஏரியா அது. இப்ப பெரும்பாலும் கடையும் ஹோட்டலும்தான், ஆனா குடும்பமா நடமாடுற இடம், ராத்திரி பத்து மணிக்கும் பொம்பளைங்க பிள்ளைங்கள கூட்டிட்டு துணி வாங்கிட்டு இருப்பாங்க, அதனால பயமில்ல. ஏசி டபுள் ரூம் 1500ல இருந்து 2500க்குள்ள எனக்கு கிடைச்சிருக்கு. கரோல் பாக்ல வில கூட இருந்தா அதே லைன்ல அடுத்தடுத்து ராஜேந்திரா பிளேஸ், பட்டேல் நகர் பாருங்க, கொஞ்சம் குறையும்.

கரோல் பாக்லயும் ஒரு விஷயம் கவனிங்க, இத பயமுறுத்த சொல்லல. 2019 பிப்ரவரியில அங்க ஒரு ஹோட்டல்ல விடியக்காலம் தீ பிடிச்சு 17 பேர் செத்துப் போனாங்க, நடைபாதை பூரா மரப்பலகை அடிச்சிருந்ததால தீ சடசடன்னு பரவிருச்சு. அதுல இருந்து நான் எந்த ரூம் போட்டாலும் முதல்ல பாக்குறது ஜன்னல் வெளிப்பக்கம் தொறக்குதா, படிக்கட்டு எங்க இருக்கு, அதுல அட்டைப்பெட்டி மெத்தைனு அடைச்சு வச்சிருக்கானான்னுதான். வயசானவங்க இருக்கறதால லிஃப்ட் வேணும்பீங்க, சரி, ஆனா ரூம் முதல் மாடி ரெண்டாவது மாடியிலயே கேளுங்க.

பஹாட்கஞ்ச் மோசம்னு நான் சொல்லல. தனி ஆளு, காலேஜ் பசங்க, ரெண்டு நாள் தலை சாய்க்க இடம் போதும்னா அதை விட சீப்பான இடம் டெல்லி நடுவுல கிடையாது, 700 – 1000க்கு ரூம், இப்ப ஹாஸ்டல்னு வேற வந்திருச்சு, ஒரு படுக்கைக்கு 500 சொச்சம். ஸ்டேஷன்ல இருந்து மெயின் பஜார் வழியா நடந்தா அந்தப் பக்கம் முடியுற இடத்துல ஆர்.கே. ஆஸ்ரம் மார்க் மெட்ரோ, அதுவும் நீல லைன்தான். ஆனா தெரு பூரா சைக்கிள் ரிக்சா, பைக், மாடு, ஹார்ன் சத்தம், உங்க அம்மா அப்பாவை அதுல பெட்டியோட நடக்க வைக்காதீங்க.

ஏர்போர்ட் பக்கம் மஹிபால்பூர்ல சீப்பா ரூம்னு ஆப்புல வரிசையா காட்டும். விடியக்காலம் ஃப்ளைட் பிடிக்கிறவனுக்கு அது. ஊர் சுத்த போறவன் அங்க தங்குனா தாம்பரத்துல ரூம் போட்டுட்டு தினம் பாரிஸ் கார்னர் போற கதைதான்.

தமிழ்நாடு இல்லத்துல கிடைக்குமான்னு கேட்டிருந்தீங்க. அது மந்திரி, எம்.எல்.ஏ., அதிகாரிங்களுக்காக கட்டுனது, நமக்கு தெரிஞ்ச பெரிய ஆள் யாராவது இருந்தா முயற்சி பண்ணலாம், அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம். பங்களா சாஹிப் குருத்வாரான்னு சீக்கியர் கோயில், அங்க தங்க இடம் இருக்கு, ரொம்ப எளிமையா இருக்கும், ஆனா கூட்டத்தை பொறுத்துத்தான் கிடைக்கும், ஆறு பேர் போய் நின்னுட்டு இல்லன்னு சொல்லிட்டா கஷ்டம். தங்கலன்னாலும் ஒரு வேளை சாப்பிட கண்டிப்பா போங்க, பட்டேல் சௌக் மெட்ரோவுல இறங்கி கொஞ்ச தூரம் நடை. தலைய மூடிக்கணும், கைக்குட்டை கட்டுனாலும் போதும், இல்லன்னா அங்கயே துணி வச்சிருப்பாங்க. தரையில வரிசையா உக்கார வச்சு சுடச்சுட ரொட்டியும் பருப்பும் போடுவாங்க, ரெண்டு கையையும் ஏந்தி வாங்கணும், ஒரு பைசா கிடையாது. எங்க அப்பா, ரொட்டின்னாலே மூஞ்சிய சுளிக்கிற மனுஷன், அங்க நாலு ரொட்டி சாப்பிட்டார்.

ஊர் சுத்த இல்ல, வைத்தியத்துக்காக போறவங்க யாராவது இதை படிச்சா அவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க பெரியப்பாவ எய்ம்ஸ் கூட்டிட்டு போனப்ப பதினெட்டு நாள் இருந்தோம். ஆஸ்பத்திரிய சுத்தி நோயாளியோட வர்றவங்களுக்குன்னு தர்மசாலைகள் இருக்கு, இடம் கிடைச்சா ரொம்ப சல்லிசு. கிடைக்கலன்னா எய்ம்ஸ் பின்னாடி கவுதம் நகர், இந்தப் பக்கம் யூசுஃப் சராய், அங்கெல்லாம் அடுப்படியோட ரூம் வாரக் கணக்குல வாடகைக்கு விடுவாங்க. ஒரு ஸ்டாப் தள்ளி ஐ.என்.ஏ. மார்க்கெட்ல கறிவேப்பில, முருங்கக்காய், புழுங்கல் அரிசி எல்லாம் கிடைக்கும். பெரியப்பாவுக்கு மருந்தை விட பெரியம்மா வச்ச ரசம்தான் தெம்பு குடுத்துச்சு.

திரும்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். யாரும் யோசிக்காத ஒரு சிக்கல் செக்-இன் டைம். நம்ம வண்டி போய் சேர்றது விடியக்காலம், பெரும்பாலான ஹோட்டல்ல ரூம் குடுக்குறது மதியம் 12 மணிக்கு மேல. ரெண்டு ராத்திரி ட்ரெயின்ல படுத்துட்டு வந்த பெரியவங்க, குளிக்காம பல்லு விளக்காம அஞ்சு மணி நேரம் ரிசப்ஷன் சோபாவுல உக்காந்திருக்கணும், இல்ல ஒரு நாள் வாடகை எக்ஸ்ட்ரா குடுக்கணும். இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, புக் பண்றப்பவே 24 மணி நேர கணக்கு இருக்கான்னு கேட்டு அந்த மாதிரி ஹோட்டலா போடுறது, ஆறு மணிக்கு போனா மறுநாள் ஆறு மணி வரைக்கும். இன்னொண்ணு, ஸ்டேஷன்லயே ரயில்வே ரிட்டயரிங் ரூம், கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோட பி.என்.ஆர். நம்பர வச்சு ஐ.ஆர்.சி.டி.சி.யில புக் பண்ணலாம், 12 மணி நேர கணக்குலயும் குடுக்கறாங்க, சீக்கிரம் போடணும், இல்லன்னா காலியாயிரும்.

அப்புறம் சீசன். நவம்பர் 14ல இருந்து ரெண்டு வாரம் பிரகதி மைதான்ல வர்த்தகக் கண்காட்சி, ஊர் பூரா வியாபாரிங்க வந்து குவிவாங்க, ரேட்டு ஏறிரும். ஜனவரி 26க்கு முன்னாடி ஒரு வாரம் செக்கிங் ரொம்ப கெடுபிடியா இருக்கும், எல்லாரோட அடையாள அட்டையும் ஒரிஜினலா வச்சுக்கங்க, பசங்களோடதும். குளிர் காலத்துல போனா ரூம்ல ஏசி இருக்கான்னு கேக்குறத விட கீசர் 24 மணி நேரமும் ஓடுமா, ஹீட்டர் குடுப்பாங்களா, அதுக்கு தனி காசான்னு கேளுங்க, பல இடத்துல தனிதான். கல்யாண சீசன்னா தெருவுல பேண்டு வாத்தியத்தோட மாப்பிள்ள குதிரையில வருவார், பசங்களுக்கு வேடிக்கை, உங்க அப்பாவுக்கு தூக்கம் போச்சு, தெருப் பக்கம் ரூம் வேண்டாம்னு சொல்லிருங்க.

வரி பத்தி, ஆப்புல முதல்ல காட்டுற விலையில அது சேர்ந்திருக்காது. 2025 செப்டம்பர் 22ல இருந்து 7500 வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்னாடி 12 இருந்துச்சு. கவுண்டர்ல இன்னும் 12ன்னு யாராவது பழைய பாட்டு பாடுனா பில் போட சொல்லி கேளுங்க.

ஆறு பேருக்கு ரெண்டு ரூமா ஒரு ஃபேமிலி ரூமான்னா, ரெண்டு ரூமே போடுங்க. நாலு கட்டில் போட்ட ரூம்னு சொல்லி 3500 கேப்பாங்க, ஒரே பாத்ரூம், காலையில செங்கோட்டைக்கு கிளம்புறதுக்குள்ள வீட்டுல சண்டை வந்துரும். சொல்ல மறந்துட்டேன், செங்கோட்டை திங்கக்கிழமை லீவு, அக்ஷர்தாமும் அன்னிக்குதான் லீவு, தாஜ்மகால் வெள்ளிக்கிழமை.

கடைசி நாள் 12 மணிக்கு ரூம காலி பண்ண சொல்லிருவான், வண்டியோ ராத்திரி ஒம்பது மணி வாக்குலதான். பெட்டிய ரிசப்ஷன்லயே வச்சுட்டு போறோம்னு கேட்டா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஒத்துக்கலன்னா ஸ்டேஷன்ல க்ளோக் ரூம் இருக்கு. பெட்டியில பூட்டு இல்லாம அங்க வாங்க மாட்டான், அதனால ஊர்ல இருந்தே சின்ன பூட்டு நாலு எடுத்துட்டு போங்க. ஸ்டேஷன் வாசல்லயும் விக்கிறான், இங்க 40 ரூபா பூட்டை 100ங்கிறான்.