மச்சானின் காருக்கு மனைவியின் நகையா?

கேள்வி: மண்டபத்தில் நண்டு, இறால் கமிஷன் வியாபாரம் செய்கிறேன். மாதம் சுமார் 60,000 ரூபாய் வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. என் மனைவியின் அண்ணன் துபாயில் இருக்கிறார். மூன்று வருடம் முன்பு பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். ஆர்.சி. அவர் பெயரில்தான் இருக்கிறது. டயர், இன்சூரன்ஸ், ஏ.சி. என்று வந்த செலவுக்கு மனைவியின் நகையை மூன்று தடவையாக அடகு வைத்து 2,40,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன். வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். இப்போது சஸ்பென்ஷன் விளக்கு எரிகிறது, பின்சக்கரம் ஒன்றில் எண்ணெய் கசிகிறது. மதுரை ஒர்க்‌ஷாப்பில் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்ற 3,60,000 ரூபாய் கேட்கிறார்கள். மச்சான் அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். "வண்டியை ரெடி பண்ணி வைங்க மாப்ள, வந்து பாத்துக்கலாம்" என்கிறார். மீதி நகையை அடகு வைக்கவா, ஆப் மூலம் பர்சனல் லோன் எடுக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். எது வட்டி குறைவு என்று கேட்கிறீர்கள். கார் யாருடையது என்ற கேள்வியை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 2,40,000-க்கு 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு 26,400 ரூபாய் வட்டி. இதோடு 3,60,000 சேர்ந்தால் கடன் 6 லட்சம், வட்டி 66,000. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீதி பத்து மாதத்தில் நீங்கள் சம்பாதிப்பதும் 6 லட்சம்தான். ஒரு மாதத்துக்கும் மேலான வருமானம் வட்டிக்கே போகும், அசலில் ஒரு ரூபாய் குறையாது. ஆப் கடன் இதைவிட மோசம். 16 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 12,650. வட்டி மட்டும் 95,000-ஐத் தாண்டும். வருமானமில்லாத ஏப்ரல், மே மாதங்களிலும் அந்தத் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும். 'ஐந்து நிமிடத்தில் பணம்' என்ற விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, அந்த 3,60,000 உண்மையிலேயே தேவையா? இதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இந்த மாதிரி கார்களில் பெரும்பாலும் அடாப்டிவ் சஸ்பென்ஷன், அதாவது ஷாக்கின் இறுக்கத்தைக் கம்ப்யூட்டரே மாற்றும் அமைப்பு இருக்கும். பெரும்பாலான அடாப்டிவ் சஸ்பென்ஷன்களில் எண்ணெய் கசிவதால் மட்டும் எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. காரின் கம்ப்யூட்டர் கவனிப்பது மின்சுற்றைத்தான்: உள்ளே இருக்கும் காயில் அல்லது வால்வு, அதற்குப் போகும் ஒயர், உயரம் அளக்கும் சென்சார். அதனால் விளக்கு ஒரு பிரச்சினையாகவும் கசிவு இன்னொன்றாகவும் இருக்கலாம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க உங்கள் மண்டபத்தில்தான் நிலையம் வைத்தது. அந்த உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்திருந்தால், சுத்தம் செய்ய சில நூறு ரூபாய் போதும். ஸ்கேனர் அறிக்கையைக் கையில் வாங்குங்கள். எந்தச் சக்கரம், என்ன பிழைக் குறியீடு என்று அதில் இருக்கும். அதைத் தர மறுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள்.

கசிவையும் சரியாகப் பார்க்க வேண்டும். ஷாக்கின் மேல்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அது வெறும் வியர்வை, மாற்றத் தேவையில்லை. எண்ணெய் வழிந்து கீழ்வரை ஈரமாக இருந்தால்தான் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். பிரேக் ஆயிலோ, ஆக்சில் மூட்டின் ரப்பர் உறை கிழிந்து தெறித்த கிரீஸோ ஷாக் மேல் பட்டும் ஆளை ஏமாற்றும். துடைத்துவிட்டு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதைக் கொடுக்கலாம். பிரேக் டிஸ்க்கிலோ டயரிலோ எண்ணெய் பட்டிருந்தால் மட்டும் அந்தச் சோதனை ஓட்டமும் வேண்டாம், வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள்.

ஒரு பின்ஷாக் நிஜமாகவே போயிருந்தால், அதே ஆக்சிலில் இருக்கும் ஜோடியையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் முன்னால் இருக்கும் இரண்டும் நன்றாக இருக்கும்போது நான்கையும் கழற்றக் காரணமில்லை. இரண்டு ஷாக், மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஷாக் முழுதும் அழுந்தும்போது இடியைத் தாங்குவது), தூசி உறை, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து, அவர்கள் சொன்ன விலையை வைத்தே 2 லட்சத்துக்குள் முடியும். தூசி உறையில் கஞ்சத்தனம் வேண்டாம். 2017-இல் சாலை திறந்ததிலிருந்து வருகிற விருந்தாளிகளையெல்லாம் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போகும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அங்கே பறக்கும் மணலும் உப்பும் ஷாக் தண்டின் குரோமியப் பூச்சைக் குத்தும். அந்தக் குழி சீலை அறுக்கும். புது ஷாக்கும் கசியும். சாதாரண ஷாக் போட்டு கம்ப்யூட்டரில் அடாப்டிவ் வசதியை முறையாக அணைத்துவிடுவது இன்னும் மலிவு. அதை முடிவு செய்ய வேண்டியவர் உரிமையாளர், நீங்கள் அல்ல. இன்சூரன்ஸை நம்பாதீர்கள், தேய்மானத்துக்கு அதில் பணம் வராது. 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று யாராவது போன் செய்தால், ஏற்கெனவே இருக்கும் பழுதுக்கு அது செல்லாது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி மச்சான். நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கேட்டவுடன் செலவு நடந்துவிடுவதால் அவருக்குக் கணக்கே தெரியாமல் இருக்கலாம். இன்றைக்கே ஸ்கேன் அறிக்கை, கசிவின் போட்டோ, எஸ்டிமேட், இதுவரை ஆன 2,40,000-க்கான பில்கள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழுதுக்கான பணம் அவர் கணக்கிலிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போகட்டும். பழைய செலவுக்கு உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ அனுப்பினால் வரி வருமோ என்ற பயம் வேண்டாம்; வருமான வரிச் சட்டத்தில் கூடப் பிறந்தவரும் மனைவியின் சகோதரரும் உறவினர் கணக்கில்தான் வருகிறார்கள். பேசுவதற்குச் சங்கடமாக இருந்தால் உங்கள் மனைவியே தன் அண்ணனிடம் பேசட்டும். நகை அவருடையது, கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்கிறது.

பணம் வரவில்லையென்றால் வண்டி ஷெட்டில் நிற்கட்டும். கல்யாணத்துக்கு வாடகைக் கார் போதும். விற்கலாம் என்று மச்சான் சொன்னால், லீவில் இருக்கும்போதே உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் உங்களால் விற்க முடியாது.

அடகில் இருக்கும் நகைக்கு: மூன்றில் சிறிய கடனை முதலில் முடித்து அந்த நகையைத் திருப்புங்கள். மாதம் 12,000 ஒதுக்கினால், தடைக்காலத்தைக் கழித்து, வருடத்துக்கு 1,20,000 சேரும். மச்சான் எதுவும் தராவிட்டாலும், வட்டியையும் சேர்த்துச் சுமார் இரண்டரை வருடத்தில் மூன்றும் வீட்டுக்கு வந்துவிடும். வங்கியில் இடையிடையே அசலில் பகுதித் தொகை கட்ட அனுமதி உண்டா என்று இந்த வாரமே கேளுங்கள். அடுத்த முறை மாற்றி வைக்கக் கூப்பிட்டால், வட்டியோடு கொஞ்சம் அசலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.