மகள் பந்தை உதைக்கட்டும், ஒப்பந்தத்தை நீங்கள் படியுங்கள்

"முதல் குரூப் வேண்டாம், இந்தியாவுக்குக் கால்பந்து ஆடப்போகிறேன்" என்று மகள் சொன்ன நாளிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. "இதில் சோறு கிடைக்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: இந்திய அணியின் சட்டை மட்டும் சோறு போடாது. சோறு போடுவது கிளப் ஒப்பந்தமும் அரசுத் துறை வேலையும்தான்.

தேசிய அணியில் இடம் பிடிப்பது மாதச் சம்பள உத்தியோகம் அன்று. முகாமுக்கு அழைப்பார்கள், சில வாரப் பயிற்சி, சில ஆட்டங்கள், பிறகு வீடு. அடுத்த அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். இடைப்பட்ட மாதங்களில் அவளைத் தாங்க வேண்டியது, இந்திய மகளிர் லீக்கில் ஆடும் கிளப். அந்த லீக்கின் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்று 2023இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அறிவித்தது. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். 27,000 கூட வராது. முதல் வேலையின் சம்பளமாக மோசமில்லை. ஆனால் முப்பது வயதுக்குப் பிறகு அதை நம்பியிருக்க முடியாது.

அதனால்தான் கடலூர் இந்துமதி கதிரேசனைப் பற்றி எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன். இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை, தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது சென்னையில் காக்கி உடையில் பணியில் இருந்தார். இந்திய அணிக்கு முன்களத்தில் ஆடிய மணிப்பூரின் பாலா தேவியும் காவல்துறைக்கு ஆடியவர்தான். அவருக்கு ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒப்பந்தம் கிடைத்தபோது முப்பது வயதாகப் போகிறது. மனிஷா கல்யாண் இருபது வயதிலேயே சைப்ரஸ் கிளப்புக்குப் போய், 2022இல் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். எல்லாருக்கும் மனிஷாவின் வேகம் வாய்க்காது. இந்துமதியின் வழியை அடிப்படைத் திட்டமாக வையுங்கள். மற்றது கிடைத்தால் லாபம்.

தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அங்கே பேசுவது கோப்பை அல்ல, சான்றிதழ். அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நடத்திய போட்டியா, பிறந்த தேதியும் பெயரின் முதலெழுத்தும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே உட்கார்ந்து சரிபாருங்கள். முதலெழுத்து மாறியதால் அலையாய் அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

குரூப் விஷயத்தில் மகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் உயிரியலை விட்டுவிட்டால் இயன்முறை மருத்துவப் படிப்பின் கதவு மூடிக்கொள்ளும் என்பதை அவளிடம் சொல்லுங்கள். ஆடி முடித்தவர்களுக்கு அது அருமையான இரண்டாவது வாழ்க்கை. கணிதம் இல்லாமல் உயிரியல் உள்ள குரூப் இருக்கிறதே! பயிற்சியாளர் உரிமம், நடுவர் பணி ஆகியவற்றுக்கு இந்தத் தடையும் இல்லை.

"பதினாறு வயதிலேயே வெளிநாட்டுக் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாறுவதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அனுமதிப்பதில்லை.

கல்யாணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்க நினைத்தது தெரிகிறது. 2021 முதல் ஃபிஃபா விதிப்படி ஒப்பந்த வீராங்கனைக்குக் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பும், அந்தக் காலத்துக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்காவதும் உண்டு. கர்ப்பம் என்று சொல்லி ஒப்பந்தத்தை முறிக்கவும் முடியாது. பிள்ளை பெற்றபின் களத்துக்குத் திரும்பியவர்கள் உலகில் பலர்.

எனக்கு உண்மையான பயம் முழங்கால்தான். அங்கே தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். கிழிந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. பாலா தேவியையும் முழங்கால் காயம் நெடுநாள் வெளியே உட்காரவைத்தது. ஆகவே முதல் ஒப்பந்தம் கைக்கு வரும்போது சம்பளத் தொகையைப் பிறகு பாருங்கள். காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஓய்வு மாதங்களில் சம்பளம் உண்டா என்ற இரண்டு வரிகளையும் முதலில் தேடுங்கள். அவை இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.