மூன்று சத்தம் போடும் மெட்டல் டிடெக்டரில் தங்கத்தின் சத்தம் எது? எப்படிப் பழகுவது?

கேட்டவர் சொன்னது இது: அம்மாவின் ஒரு தோடு தோட்டத்தில் விழுந்துவிட்டது, திரை இல்லாத, மூன்று விதமாகச் சத்தம் போடும் சாதாரண டிடெக்டர் வாங்கியிருக்கிறார், எதைக் காட்டினாலும் கத்துகிறது.

தங்கத்துக்கென்று தனிச் சத்தம் கிடையாதுங்க. யூடியூபில் யார் என்ன சொன்னாலும் சரி. "பத்தடி ஆழத்தில் தங்கம் மட்டும் காட்டும்" என்று ஆன்டெனா ராடு விற்கிறவர்கள் இரிடியம் கலச ஆசாமிகளுக்குப் பங்காளிகள்.

மெஷினின் வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள் இருக்கும். ஒன்று, விநாடிக்குச் சில ஆயிரம் தடவை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அது பட்டதும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அதனால் திரும்பி வரும் புலம் எவ்வளவு பிந்துகிறது என்று இரண்டாவது சுருள் பார்க்கும். மெஷினுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆணி, கம்பிக்குக் கீழ்ச் சத்தம். கனமான வெள்ளி, செம்புக்கு மேல் சத்தம். சிறிசா, மெல்லிசா இருக்கிற மிச்சமெல்லாம் நடுச் சத்தம். உங்கள் தோடும் அங்கேதான் வரும், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் அங்கேதான் வரும். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் தடவிப் பார்க்கிற கைக்கருவி இந்த வித்தியாசம்கூடக் காட்டாது, பெல்ட் பக்கிளுக்கும் சாவிக்கும் ஒரே கத்தல்தான். அந்த வேலைக்கு அது போதும்.

பழகுவதற்கு மொட்டை மாடி வேண்டாம், கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி உங்களைப் பைத்தியமாக்கிவிடும். வெறும் தரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தட்டு மேலே பார்க்கிற மாதிரி மெஷினைச் சாய்த்து வையுங்கள். கையில் மோதிரம், வாட்ச் எதுவும் இருக்கக் கூடாது. துருப்பிடித்த ஆணி, மாத்திரை அட்டை, அம்மாவின் மெட்டி என்று ஒவ்வொன்றாகத் தட்டுக்கு மேலே வீசிக் காட்டுங்கள். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், ஜோடித் தோடு வீட்டில் இருக்கிறது. அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. படுக்க வைத்து, நிமிர்த்தி, வேகமாக, மெதுவாகக் காட்டிப் பாருங்கள். பிறகு அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, நீளமான நூல் கட்டி, நூல் வெளியே தெரிகிற மாதிரி அதே தோட்டத்து மண்ணில் இரண்டு விரற்கடை, அப்புறம் நாலு விரற்கடை ஆழத்தில் புதையுங்கள். எந்த ஆழத்தில் சத்தம் செத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். நூலை மறந்தால் இரண்டு தோட்டையும் தேட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் போடும் "இந்தச் சத்தம் இந்தக் காசு" பட்டியல் நமக்கு ஆகாது. நம்ம ஒரு ரூபாய் 1992 முதல் காந்தம் ஒட்டுகிற எஃகில்தான் வருகிறது. அதன் சத்தம் நிலையாக நிற்காது, தாவும். பழைய ஐந்து பைசா, பத்து பைசா அலுமினியம். மாட்டு லாடம் இரும்புதான், ஆனால் தட்டையாக இருப்பதால் சில நேரம் வெள்ளி மாதிரி உயரத்தில் பாடி ஏமாற்றும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மல்லித் தோட்டத்தில் இதே வேலைக்குப் போயிருந்தேன். விடியக்காலையில் பூ எடுத்த அக்காவின் தோடு. கிளறினால் நடுச் சத்தத்துக்கெல்லாம் வந்தது ஒரே பொருள்: பூச்சிமருந்து பாட்டில் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்குமே, அந்த வட்டமான அலுமினிய சீல். மருந்து அடிக்கிறவர்கள் பிய்த்து அங்கேயே போட்டுவிடுகிறார்கள். "என்ன தம்பி, தோடு தேட வந்தியா, தோட்டத்தைக் கூட்ட வந்தியா?" என்று அந்த அக்கா கேட்டே விட்டார்.

அந்த இடத்தில்தான் எல்லாருக்கும் கை டிஸ்கிரிமினேஷன் திருகுக்குப் போகும். குப்பைச் சத்தத்தை அடைத்துவிடலாம் என்று தோன்றும். அடைத்தால் தோடும் சேர்ந்து அடைபடும். கீழ்ச் சத்தத்தை மட்டும் அடையுங்கள், நடுவை ஒருபோதும் தொடாதீர்கள். வலமிருந்து வீசினாலும் இடமிருந்து வீசினாலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, குட்டையாக ஒலித்தால் தோண்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஆணி. அந்த அக்காவின் தோடு கடைசியில் அகப்பட்டது செடித் தூரில் இல்லை, தண்ணி பாய்ச்சிய வாய்க்கால் திரும்புகிற முனையில், ஒரு விரற்கடை வண்டலுக்குக் கீழே. நீங்களும் தண்ணீர் போன வழியை முதலில் பாருங்கள்.

செம்மண் என்றால் சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷின் எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கும் என்கிற அளவை, முழுக்க ஏற்றாதீர்கள். ஒரு காந்தத்தை மண்ணில் இழுத்துப் பாருங்கள், கறுப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். நிறைய வந்தால் மெஷின் மண்ணுக்கே முனகும். பம்ப்செட் ஓடும்போதும், கரண்ட் கம்பிக்கு அடியிலும் இதே தொல்லைதான், குறைத்து வையுங்கள். மெஷினின் வட்டத் தட்டைத் தரையோடு ஒட்டி, தூக்காமல், முந்தின வீச்சில் பாதியை மறுபடி தொடுகிற மாதிரி வீச வேண்டும்.

மெஷின் கைக்குப் பழகியதும் கீழடி, மாங்குளம், சமணர் மலை என்று ஆசை கிளம்பும். வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். சொந்தத் தோட்டமே ஆனாலும், மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அம்மாவின் தோட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஹெட்போன் கட்டாயம் மாட்டுங்கள், ஆழத்தில் இருக்கிற சின்னப் பொருளின் சத்தம் காற்றில் காணாமல் போய்விடும். தோடு கிடைத்து, திருகாணி மட்டும் கழன்று போயிருந்தால் அதைத் தேடி உட்காராதீர்கள். அந்த அளவுக்கு உங்கள் மெஷின் வாய் திறக்காது. ஆசாரியிடம் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.