அப்பா ஏன் தண்ணீர் குடிக்க மறுக்கிறார்?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பிரஷர், சுகர் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் மட்டும் குடிக்கவே மாட்டேன் என்கிறார், கெஞ்சினாலும் திட்டினாலும் இரண்டு மடக்குதான். நேற்று இரவு இருக்கும் இடம் தெரியாமல் ஏதேதோ பேசினார். வீட்டுக்கு வரும் நர்ஸோ, "பாத்ரூமுக்கு யார் கூட்டிப் போகிறீர்கள், ராத்திரி பக்கத்தில் யார் படுக்கிறார்கள்" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். இதற்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இடம் தெரியாமல் பேசினார் என்கிறீர்களே, அதை இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் குழப்பத்துக்கு உடலில் நீர் வற்றுவது ஒரு காரணம், சிறுநீர்த் தொற்று இன்னொன்று, புதிதாகச் சேர்த்த மாத்திரையாகவும் இருக்கலாம். காய்ச்சல் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், இந்த வயதில் தொற்று காய்ச்சல் இல்லாமலும் வரும்.

சரி, நர்ஸ் கேட்டதற்கு வருவோம். அவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். நீர் குறைந்து ரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் அடர்த்தியானாலே மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். ஒரு ஹார்மோன் மூலம் சிறுநீரகத்தை நீரைப் பிடித்து வைக்கச் சொல்லும், கூடவே தாகத்தையும் கிளப்பும். வயதாக ஆக இரண்டுமே மந்தமாகும். ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் நேரம் பார்த்துக் குடித்தால்தான் உண்டு. அதைத்தான் அப்பா மறுக்கிறார். குடித்தால் சிறுநீர் வரும், வந்தால் தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டும், பெற்ற பிள்ளை முன்னால் உடையை விலக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு வாயைக் கட்டிக்கொள்வதே மேல் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிக்கு எவ்வளவு நீர் போகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று சார்ட்டில் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தேன். நான் நகர்ந்ததும் அவர் டம்ளர் தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. "உன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூச்சமா இருக்கு கண்ணு" என்றார். அந்த நாலு நாள் கணக்கும் பொய், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காத நான்தான் அதற்குக் காரணம்.

அதனால் தண்ணீரை விட்டுவிட்டுப் பாத்ரூமிலிருந்து தொடங்குங்கள். கட்டிலருகே கமோடு நாற்காலி, சுற்றி ஒரு திரை, கைக்கெட்டும் தூரத்தில் மணி, இரவில் மங்கலான விளக்கு. விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களாகவே "போகலாமா" என்று கேளுங்கள், அவர் வாய்திறந்து கேட்கும்படி வைக்காதீர்கள். யார் உதவினால் கூச்சம் குறையும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். தண்ணீரைச் சின்ன டம்ளரில், பெரும்பகுதி மாலைக்குள் முடியும்படி கொடுங்கள். இதயம் பலவீனமாக இருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். திட்டுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நர்ஸிங் படிக்கிறேன். உடல் தேவைகள் முழுவதும் தீர்ந்த பிறகுதான் மனத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்று உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலையை வைத்துப் பரீட்சையில் எழுதினேன். பாதி மார்க்தான் கிடைத்தது. என்ன தப்பு?

பதில்: 'முழுவதும்' என்ற சொல்தான். 1943-ல் அந்தப் படிநிலையைச் சொன்ன மாஸ்லோவே, வரிசை அவ்வளவு இறுக்கமானதல்ல, ஒரு தேவை நூறு சதவீதம் தீர்ந்தால்தான் அடுத்தது எழும் என்பதில்லை என்று எழுதியிருக்கிறார். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் அதுதான் முதல், அதில் பேச்சே இல்லை. ஆனால் மேலே சொன்ன அப்பாவைப் பாருங்கள், மானம் என்கிற தேவை சோடியம் வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. எனக்கு நர்ஸிங் கோட்பாட்டாளர் வர்ஜீனியா ஹெண்டர்சன் பட்டியலிட்ட 14 தேவைகள்தான் வார்டில் அதிகம் உதவின. மூச்சு, உணவு, கழிவு, தூக்கம் இவற்றோடு மனதில் இருப்பதைச் சொல்வது, வழிபடுவது, பயனுள்ள வேலை செய்வது எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. உடல் தன் உள்நிலையைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும் ஹோமியோஸ்டாசிஸ் பற்றியும் ஒன்று: 1926-ல் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் அந்தப் பெயரை வைத்தபோது அசையாமல் நிற்பதை அவர் சொல்லவில்லை. உடல் வெப்பம்கூட விடியற்காலையில் குறைந்து மாலையில் ஏறும். நோயாளியின் சார்ட்டில் ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்க்காமல் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆரோக்கிய மேம்பாடு என்று என்ன செய்துவிட முடியும்?

பதில்: நிறைய முடியும். 1986-ல் உலக சுகாதார அமைப்பின் மாநாட்டில் வந்த ஒட்டாவா சாசனம் ஆரோக்கிய மேம்பாட்டுக்குச் சொன்ன பொருள், மக்கள் தங்கள் ஆரோக்கியத்தின்மீது தாங்களே கூடுதல் கட்டுப்பாடு பெற்று அதை மேம்படுத்திக்கொள்ள வழிசெய்வது. நோயே இல்லாதவர்களுக்குத்தான் என்று அதில் இல்லை. எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது, எப்போது குளிப்பது, ஜன்னல் திறந்திருக்கட்டுமா என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். தலையணையை அவராகவே சரிசெய்ய முயன்றால், நேரமானாலும் பரவாயில்லை, கை நீட்டிவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.