இருபத்தைந்தாவது கார்பன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தந்தைக்கு 72 வயது. ஆறு ஆண்டுகளாக ஸ்டாட்டின் மாத்திரை உட்கொள்கிறார். வைரஸை எதிர்க்கும் பொருள் ஒன்றை நம் உடலே கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கிறது என்று அண்மையில் எங்கோ படித்திருக்கிறார். அன்று முதல், கொலஸ்ட்ராலைக் குறைத்தால் எதிர்ப்பாற்றலும் குறைந்துவிடாதா என்று கேட்டு, மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். அப்படி ஒரு பொருள் உண்மையிலேயே உண்டா? உண்டென்றால் அதை ஏன் மருந்தாகத் தருவதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் தந்தை படித்தது உண்மைதான். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. ஆகவே மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாட்டின் கல்லீரல் செல்லில் நடக்கும் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. அந்தக் குறைவை உணரும் செல், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் பெருக்கிக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரிசோதனைத் தாளில் எண் குறைவது ரத்தத்தில் உள்ளது செல்லுக்குள் போவதால்தானே தவிர, செல் வறண்டுபோவதால் அல்ல. நீங்கள் கேட்கும் பொருளைத் தயாரிக்கத் தேவைப்படும் கொலஸ்ட்ரால் மிகச் சிறிதளவு. அது மாத்திரை உட்கொள்பவரின் செல்களிலும் போதிய அளவு இருக்கும். அவர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாற்றம் வேண்டுமென்றால் அதை அவருடைய மருத்துவரே முடிவு செய்யட்டும்.

இனி அந்தப் பொருள். கொலஸ்ட்ரால் மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றுள் வால்பகுதியின் நுனியை ஒட்டியுள்ள இருபத்தைந்தாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதியை (ஓர் ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) இணைக்கும் நொதிக்குக் கொலஸ்ட்ரால் 25-ஹைட்ராக்ஸிலேஸ் என்று பெயர். அதன் விளைபொருள் 25-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ரால். மாற்றம் மிகச் சிறியது. ஆனால் செல்லின் சவ்வை விட்டு எளிதில் நகராத கொலஸ்ட்ரால், இந்த ஓர் இணைப்புக்குப் பின் சவ்வுகளைக் கடந்து அண்டைச் செல்களையும் சென்றடையக்கூடியதாகிவிடுகிறது. இப்பொருளைச் சேர்த்தால் வளர்ப்புச் செல்கள் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை நிறுத்திக்கொள்கின்றன என்பது 1970களிலேயே தெரியும். நொதிக்கான மரபணுவை 1998இல் டெக்சாஸில் டேவிட் ரஸ்ஸலின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. ஆனால் அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளின் கொலஸ்ட்ரால் கட்டுப்பாட்டில் குறையேதும் தெரியவில்லை. அப்படியானால் இந்த நொதி எதற்காக இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. 2009இல் அதே ஆய்வகம் ஒரு விடையைத் தந்தது: பாக்டீரியாவின் கூறுகளை உணரும் மேக்ரோஃபேஜ்கள் என்னும் கிருமி விழுங்கும் செல்கள் இந்தப் பொருளைப் பெருமளவில் சுரக்கின்றன; அது பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் உருவாக்கும் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புரதத்தைக் குறைக்கிறது. எதிர்ப்பாற்றலில் இந்த நொதி முதன்முதலாக வெளிப்பட்டது தூண்டும் வேடத்தில் அல்ல, அடக்கும் வேடத்தில் என்பதைக் கவனியுங்கள்.

வைரஸ் பற்றிய செய்தி 2013இல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கென்ஹாங் செங்கின் குழுவும் எடின்பரோவில் பீட்டர் கஸாலின் குழுவும், வைரஸ் தொற்றும்போது செல்கள் வெளியிடும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்களுள் இந்த நொதிக்கானதும் ஒன்று என்றும், விளைபொருள் பலவகை வைரஸ்களைத் தடுக்கிறது என்றும் அறிவித்தன. எச்.ஐ.வி., எபோலா, நிபா ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. உறையுள்ள வைரஸ் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் தன் உறையைச் செல்லின் சவ்வோடு ஒன்றாக்க வேண்டும். அதற்குச் சவ்வில் பிற கொழுப்புகளோடு பிணைந்துவிடாத கொலஸ்ட்ரால் ஓரளவு தேவை. 25-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ரால் அந்தப் பகுதியை உள்ளே இழுத்துச் சேமிப்புத் துளிகளாக்கும் வேறொரு நொதியை முடுக்கிவிடுகிறது. வைரஸைத் தொடாமலேயே அது நுழையும் வாசலை மாற்றிவிடும் இந்த முறை எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. கொரோனா வைரஸின் நுழைவும் இவ்வகையில் தடைப்படுவதாக 2020இல் ஆய்வகச் செல்களில் காட்டினார்கள். அதற்கு முன், 2017இல், இப்பொருளைச் செலுத்தியபோது எலிகளின் ரத்தத்திலும் ரீசஸ் குரங்குகளின் ரத்தத்திலும் ஜிகா வைரஸின் அளவு குறைந்தது. எலிக்கருவின் மூளையும் பாதிப்பிலிருந்து காக்கப்பட்டது.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் மருந்தாகவில்லை என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை அழற்சியில் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜேசன் சிஸ்டரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, நொதியற்ற எலிகளில் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அழற்சிப் புரதம் மிகையாகச் சுரக்கிறது; அவை செப்டிக் அதிர்ச்சிக்கு எளிதில் ஆளாகின்றன. கொலஸ்ட்ரால் உற்பத்தி கட்டின்றிப் போனால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைந்து, அதன் டி.என்.ஏ. வெளியே கசிந்து, செல்லின் அபாய உணரியைத் தூண்டிவிடுகிறது என்பதை அதே குழு 2017இல் விளக்கியது. ஆகவே இந்த நொதி அழற்சிக்கு ஒரு கடிவாளம். ஆனால் அதே எலிகள் பாக்டீரியாவின் பெருக்கத்தை மற்ற எலிகளைவிட நன்றாக அடக்கின. கடிவாளம் தளர்ந்ததால் கிடைத்த பலன் அது. இதற்கு நேர்மாறான முடிவும் 2014இலேயே வந்தது. இன்ஃப்ளூயன்ஸா தொற்றிய எலிகளுள் நொதியற்றவையே குறைந்த அழற்சியுடன் அதிகமாகப் பிழைத்தன. அங்கே இந்தப் பொருள் அழற்சியை ஊதிப் பெருக்கியிருக்கிறது.

இவ்விரண்டில் ஒன்று பிழையாக இருக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. எந்தச் செல், எந்தக் கிருமி, நோயின் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து ஒரே மூலக்கூறு வேறு வேறு பாதைகளைத் தொடுகிறது. இதனாலேயே, எதிர்ப்பாற்றல் என்பது கூட்டவோ குறைக்கவோ கூடிய ஒற்றை அளவு என்பதுபோல எழுதப்படும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. உங்கள் தந்தையைக் குழப்பியதும் அத்தகைய ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். மேலும், எலியில் இன்டர்ஃபெரானால் வலுவாகத் தூண்டப்படும் இந்த மரபணு, பல மனிதச் செல்களில் அவ்வளவு வலுவாக விழிப்பதில்லை. ஆகவே எலிக்கு உதவியதை அப்படியே மனிதருக்குத் தர முடியாது. வைரஸ் நுழைந்துகொண்டிருக்கும் முதல் நாட்களில் உதவக்கூடிய பொருள், அழற்சியே நுரையீரலை அரிக்கத் தொடங்கிய பின் தரப்பட்டால் கேடாகலாம். இதை மருந்தாக்க முனைபவர்கள், காய்ச்சலின் எந்த நாளில் தருவது, எந்த நாளில் நிறுத்துவது என்பதை மனிதரிடத்தில் கண்டறிந்தாக வேண்டும்.