மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் துப்பாக்கி உரிமம் ரத்தாகுமா?

கேள்வி: மலையடிவாரத்தில் விவசாயம் செய்யும் என் தந்தை, பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்று ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். கடும் மனச்சோர்வுக்காக என் கையொப்பத்தின் பேரில் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்து, மூன்று வாரத்தில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வரப்புத் தகராறில் இருக்கும் சித்தப்பா, அவர் 'புத்தி பேதலித்தவர்' என்று ஆட்சியரிடம் மனுக் கொடுத்திருக்கிறார். உரிமம் போய்விடுமா? புதுப்பிக்கும்போது சிகிச்சையை மறைக்கலாமா? துப்பாக்கிப் பெட்டியின் சாவி இப்போது என்னிடம் உள்ளது.

பதில்: மருத்துவமனையில் சேர்த்த காரணத்தாலேயே உரிமம் தானாக ரத்தாகிவிடாது. உரிமதாரர் சித்த சுவாதீனமற்றவர் அல்லது வேறு ஏதேனும் காரணத்தால் தகுதியற்றவர் என்று அதிகாரி திருப்தியடைந்தால், 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 17(3) பிரிவின்படி உரிமத்தை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால், தகுதிவாய்ந்த நீதிமன்றம் அறிவித்திருந்தாலன்றி, மனநோய் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவராகக் கொள்ளக் கூடாது என்கிறது 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3(5) பிரிவு. நீங்கள் கையொப்பமிட்டுச் சேர்த்தது பெரும்பாலும் அச்சட்டத்தின் 89 ஆம் பிரிவின் கீழாக இருக்கும். அது 30 நாள் வரையிலான சிகிச்சை ஏற்பாடே தவிர, நீதிமன்ற அறிவிப்பு அன்று.

சித்தப்பாவின் மனுவைவிட எனக்குக் கவலை தருவது, 'தகுதியற்றவர்' என்ற இரண்டாவது காரணம்தான். மருத்துவமனை கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தில் தற்கொலை எண்ணம் பற்றி ஒரு வரி இருந்தாலும் ஆட்சியர் அதைக் கணக்கில் எடுப்பார்; எடுப்பது நியாயமும்கூட. ஆகவே மறைக்க வேண்டாம். முக்கியத் தகவலை மறைத்துப் பெற்ற உரிமத்தை அதற்காகவே ரத்து செய்யலாம். மேலும், 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகள் மனநலம் குறித்த மருத்துவச் சான்றையும் கேட்கின்றன.

அவசரமானது சாவி விஷயம். உரிமம் இல்லாத நீங்கள் துப்பாக்கியை வைத்திருப்பது ஆயுதச் சட்டத்தின் 3 ஆம் பிரிவை மீறியதாகக் கொள்ளப்படலாம். தந்தையையும் அழைத்துக்கொண்டு போய், துப்பாக்கியையும் மீதமுள்ள தோட்டாக்களையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ பாதுகாப்புக்காக ஒப்படைத்து, துப்பாக்கி எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் குறித்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரசீதின் நகலை, ஆட்சியருக்கு அளிக்கும் விளக்கத்துடன் இணையுங்கள். சிகிச்சையளிக்கும் மனநல மருத்துவரின் தற்போதைய சான்றையும் சேர்த்தால் மனுவுக்கு அதுவே தக்க பதில்.

அதன்பின்னும் ரத்து உத்தரவு வந்தால், அதற்கான காரணங்களை எழுத்தில் கேட்டுப் பெற்று, 18 ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தந்தைக்கே இனித் துப்பாக்கி வேண்டாம் என்று தோன்றினால், தம் உரிமத்தை ரத்து செய்யுமாறு 17(4) பிரிவின் கீழ் அவரே விண்ணப்பிக்கலாம்.