வாசகர் கேள்வி – பதில்: ஜோ பட்டெர்னோவின் பெயரை என்ன செய்வது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பயிற்சியாளர் ஜோ பட்டெர்னோவைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். அவரிடம் பணியாற்றிய ஜெர்ரி சாண்டஸ்கி என்ற பயிற்சியாளர் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியது 2011-ல் வெளியே தெரிந்தபோது, பட்டெர்னோவும் பதவி இழந்தார். கேள்விகள் அதைச் சுற்றியே வருகின்றன.

கேள்வி: ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளரை ஒரு மாநிலமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது ஏன்? வெற்றிகளுக்காக மட்டுமா?

பதில்: வெற்றிகளுக்காக மட்டும் அல்ல. புரூக்ளினில் பிறந்து பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்த பட்டெர்னோ, 1950-ல் துணைப் பயிற்சியாளராகப் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1966-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர், 2011 வரை 46 பருவங்கள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 409 வெற்றிகள், 1982-லும் 1986-லும் தேசியப் பட்டம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கு என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் மக்கள் அவர்மேல் வைத்த மதிப்பு வேறோர் இடத்திலிருந்து வந்தது. ஆட்டக்காரர்களைக் களத்தில் பயன்படுத்திக்கொண்டு பட்டம் இல்லாமல் வெளியே அனுப்பிவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் இருந்த காலத்தில், படிப்பையும் ஆட்டத்தையும் ஒருங்கே நடத்த முடியும் என்று காட்ட அவர் முயன்றார். அந்த முயற்சியை ‘மாபெரும் பரிசோதனை’ என்று அழைத்தார்கள். அவரும் அவருடைய மனைவி சூவும் பல்கலைக்கழகத்துக்கு 40 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். அங்குள்ள நூலகம் அவர் பெயரைத் தாங்குகிறது. கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் நூலகத்துக்காக நிதி திரட்டுவது இன்றும் அரிதான செயல்தான். ஆகவே, ஜெயித்தவர் என்பதைவிட நேர்மையாக ஜெயித்தவர் என்பதே அவருடைய புகழாக இருந்தது. பின்னால் வந்த செய்தி அத்தனை பேரை நிலைகுலையச் செய்ததற்கும் அதுவே காரணம்.

கேள்வி: குற்றம் செய்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. கேள்விப்பட்டதைப் பட்டெர்னோ மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். சட்டம் கேட்டதும் அவ்வளவுதான். பிறகு அவரைப் பழிப்பதில் என்ன நியாயம்?

பதில்: பட்டெர்னோவை நேசிப்பவர்கள் முன்வைக்கும் வாதங்களில் வலுவானது இதுவே. எனவே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சாண்டஸ்கி பல ஆண்டுகள் பட்டெர்னோவின் அணியில் தற்காப்பு ஆட்டத்துக்கான பயிற்சியாளராக இருந்தவர். ஆதரவற்ற சிறுவர்களுக்காக 1977-ல் ‘செகண்ட் மைல்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, அதன் வழியாகவே தம்மிடம் வந்த பிள்ளைகளைச் சீரழித்தார். 1998-ல் ஒரு தாய் அவர்மேல் புகார் கொடுத்தார். விசாரணை நடந்தது, வழக்குத் தொடரப்படவில்லை. 1999-ல் ஓய்வு பெற்ற பிறகும் அணியின் கட்டடத்துக்குள் அவர் தடையின்றி வந்துபோனார். 2001 பிப்ரவரியில் ஓர் இரவு, அந்தக் கட்டடத்தின் குளியலறையில் சாண்டஸ்கி ஒரு சிறுவனுடன் இருந்ததை மைக் மெக்வியரி என்ற இளம் உதவிப் பயிற்சியாளர் பார்த்தார். மறுநாள் காலையில் அவர் போய்ச் சொன்னது காவல் துறையிடம் அல்ல, பட்டெர்னோவிடம். பட்டெர்னோ விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். பல்கலைக்கழகக் காவல் பிரிவையும் மேற்பார்த்துவந்த துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸுக்கும் செய்தி போனது. அந்நாளைய பென்சில்வேனியச் சட்டத்தில், ஒரு நிறுவனத்தின் ஊழியர் தமக்கு மேலுள்ள பொறுப்பாளரிடம் தெரிவித்தால் போதும். அரசு வழக்கறிஞர்களும் பட்டெர்னோமேல் எந்தக் குற்றச்சாட்டையும் கொண்டுவரவில்லை. இதுவரை உங்கள் வாதம் நிற்கிறது.

இதற்கு மேல் அது நிற்கவில்லை என்பது என் எண்ணம். குழந்தைகள் நலத்துறைக்குத் தகவல் சொல்வது என்று அதிகாரிகள் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். சில நாட்கள் கழித்து கர்லி எழுதிய மின்னஞ்சலில், மேலும் யோசித்துப் பார்த்ததாகவும் முந்தின நாள் ஜோவிடம் பேசியதாகவும் சொல்லி, அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கினார். பட்டெர்னோ அவரிடம் என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு இல்லை. அவர் குடும்பத்தார் இந்த மின்னஞ்சலை வேறு விதமாக வாசிக்கிறார்கள். ஆனால் யார் மேலதிகாரி என்ற கேள்வியை இங்கே நேர்மையாகக் கேட்டாக வேண்டும். 2004-ல் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரும் கர்லியும் பட்டெர்னோவின் வீட்டுக்கே சென்று, ஓய்வு பெறும்படி பேசிப் பார்த்தார்கள். அவர் மறுத்தார், அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் அந்தப் பதவியில் நீடித்தார். தம்மைப் பதவியிலிருந்து அசைக்க முடியாத மனிதர்களிடம் ஒரு செய்தியை ஒப்படைத்துவிட்டு, இனி அது அவர்கள் பாடு என்று ஒருவர் ஒதுங்கியிருந்தால், அதை மேலிடத்துக்குத் தெரிவித்த செயலாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அந்தச் சிறுவன் யார், அவன் என்ன ஆனான் என்று அவர் ஒரு முறை கேட்டிருந்தால் அந்த வளாகத்தில் மறுத்துப் பேச ஆளே இருந்திருக்காது. 2001-க்குப் பிறகும் சாண்டஸ்கி பிள்ளைகளைச் சீரழித்தார் என்பது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. கடைசியில் இதை வெளியே கொண்டுவரும் விசாரணை தொடங்கியது 2008-ல், எந்தச் செல்வாக்கும் இல்லாத ஒரு பள்ளி மாணவனும் அவன் தாயும் வாய் திறந்ததால்.

பட்டெர்னோமேல் இதைவிடப் பழைய குற்றச்சாட்டு ஒன்றும் 2016-ல் வெளிவந்தது. அவர் குடும்பம் மறுத்த, நீதிமன்றத்தில் விசாரித்துத் தீர்க்கப்படாத செய்தி என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மேலே சொன்னவையே போதும்.

கேள்வி: 84 வயதுப் பெரியவரைத் தொலைபேசியில் நீக்கியது முறையா?

பதில்: முறையல்ல. 2011 நவம்பர் 9 இரவில், ஓர் எண் எழுதிய சீட்டை வீட்டு வாசலில் கொடுத்து, அந்த எண்ணை அவரையே அழைக்கச் செய்து, பணி முடிந்தது என்று சொன்னார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் விலகுவதாக அவர் அன்று காலையில்தான் அறிவித்திருந்தார். 61 ஆண்டுகள் உழைத்தவரை நேரில் சந்தித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன விதம் தவறு என்பதால் எடுத்த முடிவும் தவறு என்று ஆகிவிடாது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி, ஒரு தொலைக்காட்சி வண்டியைக் கவிழ்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக அதே வளாகத்து மாணவர்கள் மெழுகுவத்தி ஏந்திக் கூடியது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை என்னை இன்றும் வருத்துகிறது. எவருடைய இழப்பு முதலில் கண்ணில் பட்டது என்பதை அது காட்டிவிட்டது. பட்டெர்னோ நுரையீரல் புற்றுநோயால் 2012 ஜனவரி 22 அன்று இறந்தார்.

கேள்வி: பறித்த வெற்றிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே, அப்படியானால் அவர் குற்றமற்றவர் என்று ஆகிவிட்டதா?

பதில்: இல்லை. 2012 ஜூலையில் முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயின் அறிக்கை, பட்டெர்னோ உட்பட நால்வர் உண்மையை மறைத்தார்கள் என்று சொன்னது. அந்த மாதமே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 6 கோடி டாலர் அபராதம் விதித்து, 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகளையும் நீக்கியது. பட்டெர்னோவின் கணக்கில் 111 குறைந்தன. ஒரு வழக்கின் சமரசமாக 2015 ஜனவரியில் அவை திரும்பி வந்தன. அந்தச் சமரசம் யாருடைய நடத்தையையும் பற்றிய தீர்ப்பு அல்ல. என் கருத்தில் அவற்றை நீக்கியதே பிழை. அந்த ஆட்டங்கள் நடந்தவை, ஆடிய இளைஞர்கள் எந்தத் தவறும் செய்யாதவர்கள். அதைவிடப் பெரிய தீங்கு, பிள்ளைகளைப் பற்றிய பேச்சாக இருக்க வேண்டியது 298-ஆ, 409-ஆ என்ற சண்டையாகப் பல ஆண்டுகள் சுருங்கிப்போனது. பொறுப்பை நீதிமன்றம்தான் ஓரளவு சரியாக அளந்தது. 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பான சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 ஆண்டுகள் வரை சிறை. குழந்தைகளை ஆபத்துக்கு உட்படுத்தியதற்காக கர்லி, ஷுல்ட்ஸ், ஸ்பேனியர் மூவரும் பின்னாளில் சிறை சென்றார்கள்.

கேள்வி: அரங்கின் வெளியே இருந்த சிலையை 2012-ல் அகற்றினார்கள். நூலகத்தில் மட்டும் பெயரை விட்டுவைத்தது முரண் இல்லையா?

பதில்: முரண் என்று தோன்றலாம், சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நூலகத்துக்கு அவர் கொடுத்தது உண்மை; பெயர் அந்த உண்மையைப் பதிவு செய்கிறது. சிலை அப்படிப்பட்டதன்று. அது கடந்துபோகிறவர்களை வணங்கச் சொல்கிறது. சாண்டஸ்கி அந்தப் பிள்ளைகளைத் தம்மிடம் ஈர்த்தது எதைக் கொண்டு என்று பாருங்கள்: ஆட்டத்துக்கான நுழைவுச் சீட்டு, அணியின் உடைகள், ஆட்டக்காரர்களோடு பயணம். பட்டெர்னோ கட்டியெழுப்பிய பெருமைதான் தூண்டிலில் கோத்த இரையாயிற்று. அது அவர் அறிந்து கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு வைத்த சிலையைக் கடந்து நடக்கும்படி, இன்று வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்ல முடியும்?

கேள்வி: அவரிடம் ஆடிப் படித்து முன்னேறிய பலர் இன்றும் அவரைத் தந்தையைப் போல் மதிக்கிறார்கள். அது பிழையா?

பதில்: அவர்கள் பெற்றது பொய்யல்ல, நன்றியைத் துறக்கும்படி அவர்களிடம் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. தாம் பெற்ற நன்மையைக் காட்டி, பிறர் பட்ட துயரை மறுக்கும்போதுதான் அது பிழையாகிறது. பின்னோக்கிப் பார்க்கையில் இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டும் என்று விரும்புவதாகப் பட்டெர்னோவே தம் கடைசி மாதங்களில் சொன்னார். அந்த அளவு கூட ஒப்புக்கொள்ளாமல் அவருக்காக வாதாடுகிறவர்கள், அவரைவிடக் கூடுதலாக அவரைக் காக்க முயல்கிறார்கள்.

கேள்வி: இதனால் சட்டத்தில் ஏதாவது மாறியதா?

பதில்: மாறியது. பென்சில்வேனியா 2014-ல் தன் குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தியது. பயிற்சியாளர், ஆசிரியர் போன்ற பொறுப்பில் உள்ள ஒருவருக்குச் சந்தேகம் எழுந்தால், அவரே நேரடியாக, உடனே அரசின் குழந்தைப் பாதுகாப்புத் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகுதான் நிறுவனத் தலைவரிடம் சொல்ல வேண்டும். தலைவரிடம் சொல்லிவிட்டதால் அந்தக் கடமை நிறைவேறியதாக இனி ஆகாது. அபராதமாக விதிக்கப்பட்ட 6 கோடி டாலரும், 2015 சமரசத்தின்படி, குழந்தைகள்மீதான வன்கொடுமையைத் தடுக்கவும் பாதிக்கப்பட்டோருக்குச் சிகிச்சை அளிக்கவும் அந்த மாநிலத்துக்குள்ளேயே செலவிட ஒதுக்கப்பட்டது.